பீரோ சாவியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

இந்த ஜூனில் பள்ளியின் பொறுப்புப் பட்டியலில் 'நூலகம்' என்ற இடத்துக்கு நேரே உங்கள் பெயரை எழுதியிருந்தால், இது உங்களுக்குத்தான். கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோரு வருடமாக நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். என் பாடம் சமூக அறிவியல். நூலகத்துக்கென்று தனி ஆள் கிடையாது. வாரம் ஒரு பாடவேளை, மூன்று மர அலமாரி, இரண்டு இரும்பு பீரோ, ஆயிரத்து எண்ணூறு சொச்சம் புத்தகம். இவ்வளவை வைத்துக்கொண்டு எதைச் செய்ய முடிந்ததோ அதைச் சொல்கிறேன்.

முதலில் சாவி. இதற்கு முன் நான் வேலை பார்த்த பள்ளியில் புத்தகமெல்லாம் பீரோவுக்குள் பூட்டியே இருந்தது. கண்ணாடி வழியாக முதுகு மட்டும் தெரியும். முன்பு பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெறும்போது, காணாமல் போன புத்தகங்களுக்குக் கைக்காசு கட்டச் சொன்னார்களாம். அதற்கப்புறம் திறக்க யாருக்கும் துணிவு வரவில்லை. அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. பொறுப்பேற்கும் வாரத்திலேயே இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாகச் சரிபாருங்கள். இல்லாதது எது, கிழிந்தது எது, பூசணம் பிடித்தது எது என்று பட்டியல் எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதை வாசித்துத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். ஒவ்வோர் ஏப்ரலிலும் இதே வேலை. தாள் சரியாக இருந்தால் சாவியைத் தைரியமாகக் கொடுக்கலாம். எங்களிடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு பருவம் முழுக்கச் சாவி வைத்திருப்பார்கள். மதிய இடைவேளையில் திறப்பது, வழங்கல் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் அவர்களே. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகம் திரும்புவதில்லை. படிக்கப் போன புத்தகம்தானே, எனக்கு அதில் வருத்தமில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதைச் சார்ட்டில் எழுதி அலமாரிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். புது எச்.எம். வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

அடுத்து ஈரம். மலையில் புத்தகத்துக்கு முதல் எதிரி அதுதான். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்கு மழை. எங்களுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், அடியில் செங்கல் கொடுங்கள். புத்தகங்களை நெருக்கி அடைக்காதீர்கள், நடுவில் காற்றுப் போகணும். பூசணம் பூத்த புத்தகத்தை அறைக்குள் தட்டாதீர்கள், மற்றதற்கும் பரவும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பிப்ரவரி வெயில் காயும் நாளில் வெளியே எடுத்துப்போய், நிழலில் விரித்து நிறுத்தி, உலர்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் துடைக்கலாம். மழையில் நனைந்து வந்த புத்தகத்துக்குச் சில பக்கங்களுக்கு ஒரு செய்தித்தாள் வைத்து, ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வழவழப்பான படத் தாள் என்றால் உடனே கவனியுங்கள். ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்கவே முடியாது.

அடுக்குவதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூயி எண்ணில் முதல் மூன்று இலக்கம் நமக்குப் போதும். 500 அறிவியல், 598 பறவை, 800 இலக்கியம், 954 இந்திய வரலாறு. முதுகில் அந்த எண்ணும், ஒவ்வொரு நூறு வரிசைக்கும் (500, 800 என்று) ஒரு நிற டேப்பும் ஒட்டிவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் புத்தகத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடும்.

இனி வாசிப்பு. நூலக வேளையில் முதல் பத்து நிமிடம் நான் சத்தமாக வாசிப்பேன். எங்கள் வகுப்பில் வீட்டில் படுகர் மொழியான படுகு பேசும் பிள்ளைகள் உண்டு, இருளர், குறும்பர் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. எழுத்துத் தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மட்டும் காதில் விழுவது. அதன் ஓசை பழகினால்தான் கண் அதன் பின்னால் ஓடும். கதையைப் பாதியில் நிறுத்திப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். அன்று மதியமே அதைக் கேட்டு நான்கு பேர் வருவார்கள்.

தனக்கு ஏற்ற புத்தகம் எது என்று பிள்ளையே பார்க்க ஒரு வழி: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசி, புரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கு. ஐந்து விரலும் மடங்கினால் இப்போதைக்கு அது வேண்டாம், அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகளை மட்டும் ரொம்பக் கவனமாகக் கையாளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியில் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் எல்லார் முன்னாலும் 'நுழை' புத்தகத்தை நீட்டினால் மறுநாள் நூலகப் பக்கம் வர மாட்டான். நான் அவனிடம், "பக்கத்து ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கதை வாசிக்க ஆள் வேணும், நீ போறியா?" என்று கேட்பேன். தயங்குவான், அப்புறம் சரி என்பான். வாசித்துக் காட்ட வேண்டுமே என்று வீட்டில் நான்கைந்து தடவை வாசித்துப் பார்ப்பான். இப்படி வாசிக்கப் பழகியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுதான் நிறையப் பேர் தவறவிடும் இடம். பிள்ளைகள் 'ப்ராஜெக்ட்' என்று வருவார்கள். ஒரு தலைப்பு இருக்கும், கேள்வி இருக்காது. கையில் புத்தகத்தைக் கொடுத்தால் நான்கு பக்கம் பார்த்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் பிள்ளையோடு பத்து நிமிடம் உட்காருங்கள்.

ஒருநாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். "டீச்சர், தேயிலைத் தோட்டம் பத்தி ப்ராஜெக்ட். ஒரு புக் குடுங்க." அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனமான டான்டீயின் தொழிலாளர் குடியிருப்பில், லைன் வீட்டில் வளரும் பிள்ளை. தேயிலையைப் பற்றி என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரியும். "உங்க வீட்ல தேயிலை சம்பந்தமா உனக்கே தெரியாத விஷயம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "தாத்தா சிலோன்ல இருந்து வந்தாராம் டீச்சர். எதுக்கு இங்க வந்தார்னு தெரியல." அதையே நோட்டின் முதல் வரியாக எழுதச் சொன்னேன். கீழே மூன்று கட்டம் போட வைத்தேன்: தெரிந்தது, தெரியாதது, எங்கே கேட்கலாம்.

பாடப்புத்தகத்திலிருந்து தொடங்கினாள். 1964 அக்டோபர் 30, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுக்கும் ஒப்பந்தம். அதன்படி இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அந்தக் கணக்கில் தன் தாத்தாவும் ஒருவர் என்று தெரிந்ததும் அந்த எண்ணை இரண்டு தடவை அடிக்கோடிட்டாள். அப்புறம் சிக்கல் வந்தது. டான்டீ 1968இல் தொடங்கியது என்று ஓரிடத்தில் இருக்கிறது, 1976 என்று இன்னோரிடத்தில். "எது தப்பு டீச்சர்?" நான் பதில் சொல்லவில்லை. தாத்தாவிடம் கேட்டு வா என்றேன்.

பெரியவர்களிடம் கேட்பதற்கும் முறை இருக்கிறது. 'எந்த வருஷம்' என்று கேட்டால் குத்துமதிப்பாகத்தான் வரும். 'அப்போ அத்தை பிறந்தாச்சா? அப்பா நடப்பாரா?' என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். அவள் அப்படிக் கேட்டு, வந்தது 1971 என்று கண்டுபிடித்தாள். ட்ரங்குப் பெட்டியில் இருந்த பழைய தாளில் இருந்ததும் அதே வருடம். தாத்தா இன்னொன்றும் சொல்லியிருந்தார்: ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, "ஃபாரஸ்ட் வேலைன்னுதான் கூட்டிட்டு வந்தாங்க." அந்த ஒரு வரியில் விடை இருந்தது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி, 1976இல் தனி நிறுவனமானதுதான் டான்டீ. இரண்டு தேதியும் சரி. இதைச் சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது, படியேறி ஓடி வந்திருந்தாள்.

எங்கே படித்தாய் என்பதை எழுதும் பழக்கத்தை ஆறாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். ஒரு பக்கம் அச்சடித்த பழைய ஏ4 தாளைப் பாதியாக வெட்டிக் கொடுப்பேன். எழுதியவர், புத்தகம், வருடம், பக்கம். கேட்டறிந்தது என்றால் யார், எந்தத் தேதி. கீழே அவர்கள் சொந்த வாக்கியத்தில் ஒரே ஒரு செய்தி. சொந்த வாக்கியம் வர ஒரு வழிதான்: படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொல்ல வேண்டும்.

போனில் தேடும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையைப் படித்தால் கீழே மேற்கோள்கள் வரை இறங்கச் சொல்லுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியமும் அங்கே உண்டு. எங்கள் ஊரில் சிக்னல் வந்து போகும், அதனால் வேண்டிய பக்கங்களை முதல் நாளே இறக்கி வைத்துவிடுவேன்.

அந்தப் பெண் எழுதியது பதினாறு பக்கம். நூல் போட்டுத் தைத்து, அட்டை ஒட்டி, இருப்புப் பதிவேட்டில் எண் கொடுத்து 954 வரிசையில் வைத்தோம். ஆசிரியர் என்ற கட்டத்தில் அவள் பெயரை அவளே எழுதினாள். போன வருடம் அதை ஏழு பேர் எடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அதே லைனில் குடியிருப்பவர்கள். ஒருவன் திருப்பிக் கொடுக்கும்போது, தன் பாட்டி சொன்ன இன்னொரு கதையை ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்திருந்தான். அதையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.