கைதட்டல் பாட்டுக்கா, நாடகத்துக்கா? பாடகரின் வாழ்க்கையைச் சொல்லும் இசை நாடகத்தில் பார்வையாளரைக் கவனிக்கும் முறை

ஊரே அறிந்த பாட்டின் முன்னிசை தொடங்கி இரண்டு மூன்று விநாடிதான் ஆகியிருக்கும். நடிகை இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் அரங்கம் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல் அவருக்கும் இல்லை, நாடகத்துக்கும் இல்லை. பாட்டோடு அவரவர் சேர்த்து வைத்திருக்கும் நினைவுக்கு. புதுப் பாட்டுகளோடு வரும் நாடகத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. புகழ்பெற்ற பாடகரின் கதையை மேடையேற்றுகிறவர்கள் மட்டும் தினமும் இரவல் கைதட்டல் வாங்கிக்கொண்டு, நாடகம் நன்றாகப் போகிறது என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகுவதுதான் இங்கே வேலை.

கவனிக்க உட்காருவது

மூன்று பேர் வேண்டும். ஒருவர் கீழ்த்தளத்தின் கடைசி வரிசையில், ஒருவர் மாடியில், மூன்றாமவர் மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் பார்வையாளரின் முகம் தெரிகிற இடத்தில். இயக்குநர் இந்த மூவரில் ஒருவராக இருக்கக் கூடாது. அவர் கண் மேடையை விட்டு நகராது.

ஒவ்வொருவர் கையிலும் அகல ஓரம் விட்டு அச்சிட்ட நாடகப் பிரதி. குறியீடுகளை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: சிரிப்புக்கு 'சி', கைதட்டலுக்கு 'கை', இருமலுக்கு 'இ', இருக்கையில் நெளிவதற்கு 'நெ', கைபேசி வெளிச்சத்துக்கு 'வெ', கூடவே பாடினால் 'பா', அசையாத மௌனத்துக்கு 'மௌ'. கைதட்டலுக்குப் பக்கத்தில் எத்தனை விநாடி என்று எண் போட வேண்டும். 'நல்ல வரவேற்பு' என்று எழுதிய குறிப்பு மறுநாள் எதற்கும் பயன்படாது.

கூடவே ஒரு ஒலிப்பதிவுக் கருவி, பார்வையாளரை நோக்கி. ஒலி மேசையிலிருந்து எடுக்கும் பதிவு இதற்கு உதவாது; மேடை மைக்குகளில் இருப்பது பாடகர் குரலும் வாத்தியமும்தான், அரங்கம் அல்ல. கருவியில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் இருமலையும் பேரொலியையும் அது ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும், பிறகு எதையும் ஒப்பிட முடியாது.

ஒரே இரவை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதல் முன்காட்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் உறவும் நட்பும், எல்லாவற்றுக்கும் தட்டுவார்கள். வாரநாள் பகல் காட்சிக்கு வயதானவர்கள் அதிகம். அடக்கமாக ரசிப்பார்கள், அதை வெறுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். வார இறுதி இரவில் சின்ன நகைச்சுவைக்கும் பெரிய சிரிப்பு வரும். இந்த மூன்று வகையையும் ஒருமுறையாவது பதிவு செய்யுங்கள். அரங்கம் பாதிதான் நிரம்பியிருந்தால் இருப்பவர்களை நடுவில் நெருக்கமாக உட்கார வையுங்கள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் சிரிப்பு பரவாது.

குறிப்பைப் படிப்பது

பிரபலமான பாட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண் கிடைக்கும்: பாட்டை அடையாளம் கண்டதும் எழுந்த கைதட்டல், பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டல். முதலாவது 4 விநாடி, இரண்டாவது 5 விநாடி என்றால் அந்தப் பாட்டு மேடைக்கு வந்து எதையும் கூட்டவில்லை. இசைத்தட்டில் கேட்டதையே இங்கும் கேட்டுப் போகிறார்கள். பின்னது முன்னதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால், நடிப்போ காட்சியில் பாட்டு விழுந்த இடமோ வேலை செய்திருக்கிறது. அதிகம் பேர் அறியாத பாட்டு ஒன்றையும் கணக்கில் வையுங்கள். அதற்குக் கிடைக்கும் கைதட்டலில் பழைய நினைவின் பங்கு இல்லை. அதுதான் உண்மையான அளவுகோல்.

அடையாளக் கைதட்டலால் வரும் நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. பாட்டின் முதல் வரி அதில் மூழ்கிவிடும். கதைக்குத் தேவையான சொல் அந்த வரியில் இருந்தால் போச்சு. முன்னிசையை 4 அளவுகள் (தாளச் சுற்றுகள், ஆங்கிலத்தில் 'பார்') நீட்டலாம். அல்லது இரண்டு அளவுகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் 'வேம்ப்' வைத்து, சத்தம் இறங்கத் தொடங்கியதும் இசை நடத்துநர் கைகாட்ட, நடிகர் பாடத் தொடங்கலாம். முழுக்க அடங்கும்வரை காத்திருக்கக் கூடாது. அடங்கிய பிறகு தொடங்கினால் வேகம் செத்துவிடும்.

அடுத்து இருமல். பிரதியின் ஒரே பக்கத்தில் மூன்று இரவும் 'இ', 'நெ' விழுந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே யாராவது தகவல் சொல்லிக்கொண்டிருப்பார்: எந்த ஆண்டு எந்த ஒப்பந்தம், எத்தனை இசைத்தட்டு விற்றது. நடிகர் மோசமில்லை. பார்வையாளர் அடுத்த பாட்டுக்குக் காத்திருக்கிறார். தகவலைச் சண்டையாக மாற்றுங்கள், இல்லையென்றால் வெட்டுங்கள்.

மௌனம் இரண்டு வகை. மூச்சைப் பிடித்த மௌனத்தில் நாற்காலி கிறீச்சிடாது, பிளாஸ்டிக் உறை சரசரக்காது. சலித்த மௌனத்தில் இவையெல்லாம் கேட்கும், ஆங்காங்கே வெளிச்சமும் மினுக்கும். இருட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகத் தோன்றும். மறுநாள் பதிவைக் கேட்டால் தெளிவாகப் பிரியும்.

தவறான இடத்துச் சிரிப்பு இந்த வகை நாடகத்தில் அதிகம். காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. புகழ்பெற்ற இன்னொருவர் மேடைக்கு வந்து தன் முழுப் பெயரைச் சொல்லி அறிமுகமாவது முதலாவது. வசனம் பாட்டின் தலைப்பிலேயே போய் முடிந்து, உடனே அந்தப் பாட்டு தொடங்குவது இரண்டாவது. இரண்டாவதைத் திருத்துவது எளிது: அந்தக் கடைசி வரியை நீக்கிவிட்டு, அதற்கு முந்தைய வசனத்தின் அடியிலேயே முன்னிசையை மெல்ல நுழைத்துவிடுங்கள்.

குரலை ஒப்பிடும் காது

தொடக்கத்தில் எல்லோருடைய காதும் பதிவிலுள்ள குரலோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க முடியாது. எல்லாவற்றையும் அப்படியே நகல் செய்யும் நடிகருக்கு முதல் பாட்டில் ஆரவாரம் கிடைக்கும். இடைவேளைக்குள் அது வித்தையாகச் சுருங்கிவிடும். சொல்லைத் தொடங்கும் விதம், மூச்செடுக்கும் இடம், ஒரு கையசைவு என்று இரண்டு மூன்று அடையாளங்களை மட்டும் கெட்டியாகப் பிடித்து, மற்றதை நடிகரின் குரலுக்கே விடுவது நல்லது.

ஒரே பாடகரைப் பலர் நடித்தால் ஆள் மாறும் இடத்தில் கிசுகிசுப்பு எழும்: 'இவர் யார்?' 2018-இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேக்கு வந்த 'தி ஷேர் ஷோ'வில் பாடகி ஷேரின் வெவ்வேறு காலங்களை மூன்று நடிகைகள் ஏற்றார்கள். அப்படிச் செய்வதானால், கைமாறும் நொடியில் இருவரும் ஒன்றாக மேடையில் தெரிய வேண்டும். ஒரு பொருளோ ஒரு அசைவோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகட்டும்.

வாழ்க்கைக் கதையை வரிவரியாக அறிந்த ரசிகர்கள் தனிக் கூட்டம். 'அதைச் சொல்லவே இல்லையே' என்பார்கள். 2005-இல் பிராட்வேயில் தொடங்கிய 'ஜெர்சி பாய்ஸ்', 'ஃபோர் சீசன்ஸ்' என்ற பாடகர் குழுவின் கதையை அந்தக் குழுவின் நான்கு பேரும் மாறி மாறிச் சொல்லும்படி அமைத்தது. அவரவர் பார்வையில் அவரவர் கதை. யார் சொல்கிறார் என்பது தெரிந்துவிட்டால், விடுபட்டதற்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது.

கைதட்டக் கூடாத இடம்

அடி, உதை, போதை, மரணம் ஆகியவற்றுக்குப் பிறகு வரும் பாட்டின் முடிவில் பாதி அரங்கம் தட்டும், பாதி தயங்கும். அந்தத் தடுமாற்றம் காட்சியைக் கெடுக்கிறது. தவறு பார்வையாளருடையது அல்ல. பாட்டின் கடைசியில் 'டக்'கென்று விழும் அடி, அதோடு மாறும் விளக்கு, நடிகர் உறைந்து நிற்பது — இந்த மூன்றும் சேர்ந்து 'தட்டுங்கள்' என்று சொல்கின்றன. இதற்கு 'பட்டன்' என்று பெயர். அதை எடுத்துவிடுங்கள். கடைசிச் சுரம் நீண்டு அடுத்த காட்சியின் பின்னணியாகக் கரையட்டும், விளக்கு அசையாமல் இருக்கட்டும், நடிகர் நடந்துகொண்டே இருக்கட்டும்.

கடைசியில் எழுந்து நின்று தட்டுவதை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018-இல் லண்டனில் தொடங்கிய, பாடகி டீனா டர்னரைப் பற்றிய நாடகம் கதை முடிந்ததும் ஒரு சிறு கச்சேரியே நடத்துகிறது. அதற்கு எழாதவர் குறைவு. கச்சேரிக்கு முன்பு, கதையின் கடைசி வசனத்துக்கு அரங்கம் என்ன செய்தது என்று பாருங்கள்.

கூடவே பாடுகிறவர்கள்

2023 ஏப்ரலில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பேலஸ் தியேட்டரில், கற்பனைப் பாடகி ஒருவரைப் பற்றிய 'தி பாடிகார்ட்' இசை நாடகம் முடியும் தறுவாயில் நின்றுபோனது. சிலர் நடிகையை மீறிப் பாடியதில் தகராறு முற்றிப் போலீஸ் வரவேண்டியிருந்தது. வெறும் தடை இதற்குப் போதாது. காட்சி தொடங்குமுன் 'கடைசியில் நீங்கள் பாடவும் நேரம் உண்டு, அதுவரை நடிகர்கள் பாடட்டும்' என்று அறிவியுங்கள். எப்போது என்று தெரிந்தால் பெரும்பாலோர் பொறுப்பார்கள். அந்த நேரம் வந்ததும் அரங்க விளக்கை மூன்றில் ஒரு பங்கு ஏற்றுங்கள். வெளிச்சம் வந்தால் பாடலாம், இருட்டென்றால் கேட்கலாம் என்பது சொல்லாமலே புரியும்.

தாளத்துக்குத் தட்டுவதில் வேறு சிக்கல். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளி இருப்பவருக்குத் தாளம் சுமார் 0.09 விநாடி தாமதமாகக் கேட்கிறது. அவர் தட்டுவது மேடைக்குத் திரும்ப இன்னொரு 0.09. நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஓர் அடி 0.5 விநாடி. ஆக, மேடைக்கு வரும் கைதட்டல் ஓர் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பின்தங்கியிருக்கும். டிரம்மர் அதைக் கேட்டு வாசித்தால் பாட்டு இழுத்துக்கொண்டே போகும். காதில் 'கிளிக்' (சீராகத் தாளத்தைக் காட்டும் ஒலி) வைத்துக்கொண்டு, கைதட்டலைப் பொருட்படுத்தாமல் வாசிப்பதே வழி.

வாசலில் கேட்பது

'பிடித்ததா?' என்று கேட்டால் 'பிடித்தது' என்றுதான் பதில் வரும். 'எந்த இடத்தில் மணி பார்த்தீர்கள்?', 'அவர் ஏன் அந்தக் குழுவை விட்டுப் போனார்?' என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பத்துப் பேரில் ஏழு பேர் திணறினால் கதை போய்ச் சேரவில்லை. இடைவேளையில் கேள்வியே வேண்டாம்; வரிசையில் நின்று காதைத் தீட்டினால் போதும். இடைவேளைக்குப் பிறகு காலியான இருக்கைகளை இருக்கை காட்டும் ஊழியரிடம் எண்ணச் சொல்லுங்கள். கிளம்பிப் போனவர்கள் கருத்துப் படிவம் எழுத மாட்டார்கள்.

மாற்றங்களை ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் செய்யாதீர்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. விளக்குக் குறிப்புகளும் குழம்பும். நாடகம் முழுதாகத் தொடங்கிய பிறகும் மேடை மேலாளர் ஒவ்வொரு பாதியின் நேரத்தையும் எழுதிவரட்டும். முதல் பாதி 3 நிமிடம் நீண்டிருந்தால், நடிகர்கள் கைதட்டலுக்காகக் காத்து நிற்கப் பழகிவிட்டார்கள். அன்றைக்கே பழைய பதிவோடு ஒப்பிட்டு எந்தெந்த இடம் என்று காட்டிவிடுங்கள்.