காபி குடியுங்கள், கொட்டேஷனையும் வாங்கி வாருங்கள்: வட சென்னையிலிருந்து கார் ஷோரூம் போகிறவர்களுக்கு

ஒரு ஷோரூமில் சர்வீஸ் சூப்பர் என்று யாராவது சொன்னால், விலையை எழுதிக் கொடுத்தார்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஏசி, காபி, குழந்தைக்கு பலூன், "சார் சார்" என்று பின்னாலேயே ஒருவர் வருவது, இதெல்லாம் எல்லா இடத்திலும் உண்டு, அதற்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். கேட்டதை எழுத்தில் தருகிறவர்கள்தான் நாளைக்கு ஒரு பிரச்சினை என்று போன் பண்ணினால் எடுத்துப் பேசுகிறார்கள். மற்றவர்கள் புக்கிங் பணம் விழுகிற வரைக்கும்தான் சொந்தக்காரர்கள்.

போவதற்கு முன்னால்

ஷோரூமைப் பார்ப்பதற்கு முன் அதே டீலரின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போய் வாருங்கள். வண்டி விட வந்து காத்திருக்கிறவர்களிடம் சும்மா பேச்சுக் கொடுங்கள், பில் எஸ்டிமேட்டைத் தாண்டி ஏறுகிறதா, சொன்ன நேரத்துக்கு வண்டி வருகிறதா என்று அவர்களே கொட்டித் தீர்த்துவிடுவார்கள். திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அண்ணா நகர், பாடி, அம்பத்தூர் பக்கம் ஷோரூம் பளபளப்பாக இருக்கிறது என்று அங்கேயே வாங்கிவிட்டு, ஒவ்வொரு சர்வீஸுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அரை நாள் ஓட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கும். எந்த அங்கீகரிக்கப்பட்ட சென்டரிலும் சர்வீஸ் விடலாம் என்பது உண்மைதான். ஆனால் டெலிவரி நேரத்தில் விட்டுப்போன பொருளுக்கும், ஆர்.சி. வரவில்லை என்றாலும், விற்றவரிடம்தான் திரும்பப் போகவேண்டும்.

கூகுள் ரிவ்யூக்களைப் புதியதிலிருந்து பழையதாக அடுக்கிப் படியுங்கள். ஒரு சேல்ஸ் பையனின் பெயரைச் சொல்லிப் புகழ்கிற ஐந்து ஸ்டார்கள் பெரும்பாலும் டெலிவரி அன்று சாவி கொடுக்கும்போதே "ப்ரோ, ஒரு ரிவ்யூ போட்டுவிடுங்க" என்று வாங்கியவை. மூன்று ஸ்டார்காரர்கள்தான் பொறுமையாக உட்கார்ந்து நடந்ததை எழுதியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். குடும்பம் குடும்பமாக வருவார்கள், உங்களுக்கு யாரும் பத்து நிமிடம் கொடுக்க முடியாது. வார நாளில் மதியம் போங்கள், விலை பேசுவதை மாதக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் டார்கெட் கழுத்தை நெரிக்கும். ஆடியில் நம் ஆட்கள் வண்டி எடுக்கத் தயங்குவதால் தள்ளுபடி பேச இடம் இருக்கும். ஆடியில் விலையை முடித்து எழுதி வாங்கிக்கொண்டு ஆவணியில் டெலிவரி எடுங்கள், வீட்டுப் பெரியவர்களுக்கும் நிம்மதி.

முகவரியை முதலிலேயே சொல்லுங்கள்

இது வெளியூர்க்காரர்கள் எழுதும் கார் வாங்கும் வழிகாட்டிகளில் இருக்காது. என் சித்தப்பா மகன் வியாசர்பாடியில் இருக்கிறான், நல்ல வேலை, சம்பளம் வங்கியில் ஏறுகிறது, கடன் பாக்கி எதுவும் கிடையாது. மாடல், கலர் எல்லாம் முடிந்து ஃபைனான்ஸ் டேபிளுக்குப் போனோம். அங்கே இருந்தவர் ஆதார் நகலில் 600039 என்ற பின்கோடைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தார். "சார், அண்ணா நகர் பக்கம் ரிலேட்டிவ் அட்ரஸ் ஏதாவது இருக்குமா?" அதுவரை அண்ணே அண்ணே என்று வந்துகொண்டிருந்த சேல்ஸ் பையன் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டான்.

நெகட்டிவ் ஏரியா, அதாவது கடன் கொடுக்கத் தயங்குகிற ஏரியா, என்று இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இதைத்தான். நமக்கு எழுத்தில் எதையும் காட்டமாட்டார்கள். அதனால் உள்ளே போன ஐந்தாவது நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள்: "தம்பி, நான் இன்ன ஏரியா, இன்ன பின்கோடு, வாடகை வீடு, எந்த பேங்க்ல லோன் ஆகும்?" மழுப்பினால் நேரம் மிச்சம், கிளம்பிவிடலாம். அதைவிட நல்லது, உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில், முடிந்தால் உங்களைத் தெரிந்த கிளையில், கடன் அனுமதிக் கடிதத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டு போவது. அந்தக் கடிதம் கையில் இருந்தால் ஃபைனான்ஸ் டேபிள் பக்கமே போகவேண்டாம். உறவினர் முகவரி கொடுங்கள் என்கிற யோசனைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள், ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸும் அதே முகவரியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வட்டி விஷயத்தில் ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். "வெறும் ஏழு பர்சன்ட் சார்" என்று யாராவது சொன்னால், ஃப்ளாட்டா ரெட்யூசிங்கா என்று கேளுங்கள். ஃப்ளாட் என்றால் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி, ரெட்யூசிங் என்றால் கட்டியது போக மீதிக்கு மட்டும். 8 லட்சம் கடன், ஐந்து வருடம், 7% ஃப்ளாட் என்றால் வட்டி 2.8 லட்சம், மாதம் 18,000 ரூபாய். இதையே ரெட்யூசிங் கணக்கில் போட்டால் சுமார் 12.5% வட்டிக்கு வாங்கியதற்குச் சமம்.

கொட்டேஷன்

இங்கேதான் பொறுமை வேண்டும். பெரும்பாலும் ஒரு வெள்ளைத் தாளில் ஒரே ஒரு தொகையை எழுதி, அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டு, "ஆன்-ரோடு இவ்வளவுதான் சார், உங்களுக்காக மேனேஜர்கிட்ட பேசினேன்" என்பார்கள். அந்தத் தாளை அங்கேயே விட்டுவிடுங்கள். டீலர் பெயர் போட்ட லெட்டர்ஹெட்டிலோ ஈமெயிலிலோ வரிவரியாகப் பிரித்து வேண்டும்: ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், அக்சசரி, தள்ளுபடி ஒவ்வொன்றும் தனித்தனியாக. மாடலும் வேரியண்டும் கலரும் அதிலேயே இருக்கவேண்டும், விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதும்.

வாங்கியதும் உட்கார்ந்து பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கு வாழ்நாள் வரி 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. அந்த 10 லட்சக் கோட்டைக் கவனியுங்கள். 9.95 லட்சம் வண்டிக்கு வரி 1,29,350 ரூபாய், 10.05 லட்சத்துக்கு 1,80,900. பத்தாயிரம் ரூபாய் கூடுதல் வசதிக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் வரி கட்டுகிறோம் என்பதை எந்த சேல்ஸ் பையனும் தானாகச் சொல்லமாட்டான். பத்து லட்சத்தைத் தாண்டினால் 1% டி.சி.எஸ். (விற்பவர் வசூலித்து உங்கள் பெயரில் கட்டும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள், அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். அதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்புறம், பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன விலையை வைத்துச் சண்டை போடாதீர்கள், 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. மாறி சின்ன கார்களுக்கு 18%, பெரியவற்றுக்கு 40% என்று ஆனதில் பெட்ரோல், டீசல் கார்களின் விலையெல்லாம் மாறிவிட்டது.

லாஜிஸ்டிக்ஸ், ஹேண்ட்லிங், டெப்போ சார்ஜ் என்று ஏதாவது எழுதியிருந்தால் பேனாவை எடுத்து அடித்துவிடுங்கள். அது வரியும் கிடையாது, அரசுக் கட்டணமும் கிடையாது. "இதற்கு எந்த அரசு ரசீது தருவீர்கள்?" என்ற ஒரு கேள்விக்கு மேல் பெரும்பாலும் பேச்சு வளராது. எசன்ஷியல் கிட் என்று பதினைந்தாயிரத்துக்கு ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், கார் கவர் மூன்றையும் கட்டி வைத்திருப்பார்கள். வேண்டுமானால் தனித்தனி விலை கேட்டு வேண்டியதை மட்டும் எடுங்கள்.

இன்சூரன்ஸை டீலரிடம்தான் எடுக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம், அதன் பிரீமியம் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். வித்தியாசம் வருவது ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான) பகுதியிலும் கூடுதல் கவர்களிலும். அதே ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே கவர்கள் போட்டு வெளியே ஒரு விலை எடுத்துக் காட்டுங்கள், பல இடங்களில் அவர்களே இறங்கி வருவார்கள். "வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது", அதாவது ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் நிறுவனம் நேராகக் கட்டாது, என்று பயமுறுத்தினால், அந்த சர்வீஸ் சென்டர் எந்தெந்த நிறுவனங்களோடு கேஷ்லெஸ் வைத்திருக்கிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்ஜின் ப்ரொடெக்ட் கவரை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நம் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் எப்படி நின்றது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி பொதுவாகக் கைவிரித்துவிடும்.

உள்ளே கேட்கக் கூச்சப்படவேண்டாத ஒன்று: ஐ.சி.எஃப்., துறைமுகம், மணலி ரிஃபைனரி, மாநகராட்சி, ஆசிரியர் வேலை, இப்படி வீட்டில் யாருக்காவது அடையாள அட்டை இருந்தால் கார்ப்பரேட் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஷோரூம் வாசலிலிருந்து அகலமான ரோட்டில் ஒரு யூ-டர்ன் அடித்துவிட்டு வருவதற்குப் பெயர் டெஸ்ட் டிரைவ் இல்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அனுப்புவார்கள். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் இரண்டு பக்கமும் பைக் நிற்க, எதிரே தண்ணி லாரி வர, உங்கள் வீட்டு கேட்டில் வண்டி திரும்புகிறதா என்பதைப் பார்க்கவேண்டும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் தெருவின் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்குங்கள், அடி தட்டினால் காதில் கேட்கும். டெஸ்ட் வண்டி அநேகமாக டாப் வேரியண்டாக இருக்கும், நீங்கள் வாங்கப்போவதில் ரிவர்ஸ் கேமரா இருக்கிறதா, பின் சீட்டுக்கு ஏசி இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கூட வருகிற பையன் ஓயாமல் பேசினால் "தம்பி, ரெண்டு நிமிஷம் சத்தம் கேட்கணும்" என்று சொல்லுங்கள், தப்பில்லை.

புக்கிங், டெலிவரி

புக்கிங் பணத்தை டீலர் நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். "என் ஜிபேக்கு போடுங்க சார், இன்னிக்கே வண்டி பிளாக் பண்ணிடறேன்" என்பதற்கு இடமே கொடுக்காதீர்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்பது ரசீதிலோ புக்கிங் ஃபாரத்திலோ இருக்கவேண்டும். வியாபாரம் செய்கிறவர்கள் முழுப் பணத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போவது நம் பக்கம் சகஜம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது, அதனால் ஆர்.டி.ஜி.எஸ். அல்லது டி.டி.யே சரி.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் அந்தப் பேச்சைக் கடைசியில் எடுங்கள். புது வண்டியின் விலை முடிந்த பிறகு. முதலிலேயே இரண்டையும் கலந்தால் இங்கே கொடுத்ததை அங்கே பிடித்துக்கொள்வார்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்காமல், வண்டி இன்ன தேதி, இன்ன நேரத்தில் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி வாங்கி, பெயர் மாறும்வரை விரட்டுங்கள்.

முழுப் பணம் கட்டுவதற்கும் பதிவுக்கும் முன்னால் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியை யார்டில் போய் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேசிஸ் எண்ணைப் போட்டோ எடுங்கள், டெலிவரி அன்று அதே எண்தானா என்று ஒப்பிட. டயரின் பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்கம் இருக்கும், 2325 என்றால் 2025-இன் 23-ஆவது வாரம் தயாரித்தது. மற்ற நாலும் ஒரு தேதி, ஸ்டெப்னி வேறு தேதி என்றால் பரவாயில்லை, ஆனால் நாலு டயரும் ஒரு வருடம் பழையவை என்றால் வண்டியே எங்கோ வெயிலில் நின்றிருக்கிறது. தண்டையார்பேட்டையில் டி.என்.03 என்றோ செங்குன்றத்தில் டி.என்.18 என்றோ பதிவாகிவிட்ட பிறகு கதவில் கீறல் என்று சொன்னால், பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது.

விஜயதசமி, அட்சய திருதியை அன்று டெலிவரி எடுப்பவர்கள் முந்தின நாளே போய் எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுங்கள். அன்றைக்கு ஷோரூம் வாசலில் வரிசையாக வண்டி நிற்கும், ஒவ்வொரு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்கவே ஆள் போதாது, இரண்டாவது சாவியைப் பற்றிக் கேட்டால் யார் காதிலும் விழாது.

டெலிவரி முடிந்த சில நாட்களில் கம்பெனியிலிருந்து ஃபீட்பேக் அழைப்பு வரும். அதற்கு முன்பே சேல்ஸ் பையன் "சார், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க, என் இன்சென்டிவ் சார்" என்று கெஞ்சுவான். பாவம்தான், சொல்லலாம், ஆனால் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல், வாரண்டி தாள், பேசிய அக்சசரி எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பாக்கி இருந்தால் அழைப்பில் அதையே சொல்லிவிடுவேன் என்று முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள், மாதக்கணக்கில் நகராத பொருள் மறுநாள் வீட்டுக்கு வரும்.

அதற்கும் அசையவில்லை என்றால் டீலரின் ஜெனரல் மேனேஜருக்கும் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் ஒரே ஈமெயிலாக அனுப்புங்கள், கொட்டேஷன், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இணைத்து. அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 50 லட்சம் வரை கொடுத்த பொருளுக்கு அங்கேயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை.