பேரூராட்சியில் வீட்டு வரி: முதன்முறை கட்டுபவர்களுக்கு

பில் கலெக்டர் தரும் கேட்பு அறிவிப்பில் (வரி கட்டச் சொல்லும் நோட்டீஸ்) கீழே உள்ள தொகையை மட்டும் பார்த்துப் பணத்தை எடுப்பதுதான் நம் வழக்கம். அதற்கு மேலே அச்சாகியிருக்கும் விவரங்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளை வைத்து எழுதுகிறேன். நகராட்சிக்கும் பெரும்பாலும் இதே முறைதான்.

முதல் படி: வீடு யார் எல்லையில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். ஊரை ஒட்டி வளர்ந்த நகர்களில் ஒரு தெரு பேரூராட்சியிலும் அடுத்த தெரு கிராம ஊராட்சியிலும் இருக்கும். ஊராட்சிக்குச் சட்டமும் கணக்கும் வேறு.

இரண்டாம் படி: வரி விதிப்பு எண்ணைக் கண்டுபிடியுங்கள். பழைய ரசீதில் இருக்கும். இனி எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் கேட்பார்கள்.

மூன்றாம் படிதான் முக்கியம்: அறிவிப்பில் உள்ள விவரங்களைச் சரிபாருங்கள். வரியைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை கட்டடப் பரப்பு, தெரு எந்த மண்டலத்தில் (வரி வீதத்துக்காகப் பிரித்த பகுதி) வருகிறது, குடியிருப்பா கடையா என்ற பயன்பாடு. பரப்பு என்பது சுவர்களையும் சேர்த்து. அறைக்குள் மட்டும் டேப் பிடித்துவிட்டு "அதிகமாகப் போட்டுவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். மாடி இருந்தால் அதன் பரப்பும் சேரும். முன்னறையில் முன்பு மளிகைக் கடை இருந்து, இப்போது மூடிவிட்டீர்களா? பதிவேட்டில் அது இன்னும் கடையாகவே இருக்கலாம். பயன்பாட்டை மாற்ற நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பரப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? 2022 சொத்து வரிச் சீரமைப்பில் பேரூராட்சிக் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25%, 1200 வரை 50%, 1800 வரை 75%, அதற்கு மேல் 100% என உயர்த்தினார்கள். அரையாண்டுக்கு 600 ரூபாய் கட்டிய 800 சதுர அடி வீடு 900 ரூபாய்க்குப் போனது. அதே வீடு பதிவேட்டில் தவறாக 1250 சதுர அடி என்று இருந்திருந்தால் 1,050 ரூபாய். தவறு இருந்தால் அளவைக் குறிப்பிட்டுப் பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். மனு நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கட்டும் காலம்: ஏப்ரல் முதல் செப்டம்பர் ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். நிலுவை விட்டால் மாதம் 1% ஏறும். அலுவலகத்திலும் கட்டலாம், இணையத்திலும் கட்டலாம். (வரியோடு ஒரு பங்கு நூலகத்துக்கும் போகிறது, 1948 நூலகச் சட்டம் வந்ததிலிருந்தே உண்டு. நூலகம் பூட்டியே கிடந்தால் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.)

கடைசியாகப் பெயர். வீடு வாங்கிப் பத்திரம் பதிந்துவிட்டால் வரி ரசீதிலும் பெயர் மாறியிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பத்திரப்பதிவு ஓர் அலுவலகம், பட்டா வருவாய்த் துறை, வரிப் பெயர் பேரூராட்சி. கிரயப் பத்திர நகலும் பழைய ரசீதும் வைத்து விண்ணப்பியுங்கள். அப்பா பெயரில் இருந்த வீடென்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். நிலுவை இருந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்வார்கள். ஒன்று மட்டும்: வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதால் வீடு உங்களுடையது ஆகிவிடாது. வாங்கப்போகும் வீட்டுக்கு யாராவது ரசீதை மட்டும் காட்டினால், பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேளுங்கள்.