பிளஸ் டூ ரீவேல்யூவேஷன்: பணம் கட்டுவதற்கு முன்னால்

முதல் விஷயம், தமிழ்நாட்டு பிளஸ் டூவில் நேராக ரீவேல்யூவேஷனுக்கு, அதாவது விடைத்தாளைத் திரும்பத் திருத்தும் மறுமதிப்பீட்டுக்குப் போட முடியாது. ரிசல்ட் வந்ததும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஒரு தேதி அறிவிக்கும். அதற்குள் வேண்டிய பாடத்துக்கு விடைத்தாள் நகல் கேட்கலாம். முன்பு நகலுக்குப் பதிலாக நேராக மறுகூட்டல் (போட்ட மார்க்கைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது) கேட்கும் வழியும் இருந்தது. நகல் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அதன்பிறகு மறுமதிப்பீடு கேட்கும் வாய்ப்பு. கூட்டலில் தப்பு இருந்தால் நகலைப் பார்த்தாலே தெரிந்துவிடும், நகல் வந்தபின் மறுகூட்டலும் கேட்கலாம்.

சமீப ஆண்டுகளில் நகலுக்கு பாடம் ஒன்றுக்கு 275 ரூபாய், மறுகூட்டலுக்கு 205 (உயிரியலுக்கு 305), மறுமதிப்பீட்டுக்கு 505 என்று இருந்தது. இந்த வருஷக் கட்டணத்தை அறிவிப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். படித்த பள்ளியிலேயே கட்டலாம், பள்ளியில் சேராமல் எழுதிய தனித்தேர்வர்கள் தேர்வு எழுதிய மையத்தில். கொடுக்கும் ஒப்புகைச் சீட்டை பத்திரமாக வையுங்கள், அதிலுள்ள விண்ணப்ப எண் இல்லாமல் நகலை டவுன்லோட் செய்ய முடியாது.

எந்தப் பாடத்துக்குக் கேட்பது? மனசு ஆறவில்லை என்பதற்காக ஆறு பாடத்துக்கும் கட்டுபவர்கள் இருக்கிறார்கள், அது வீண் செலவு. அடுத்து எங்கே சேரப் போகிறீர்களோ அங்கே எந்த மார்க் எண்ணப்படுகிறது என்று பாருங்கள். இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு 200க்குக் கட்ஆஃப் (சேர்க்கைக்கு எண்ணும் மொத்த மார்க்): கணக்கு முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. கணக்கில் இரண்டு மார்க் கூடினால் கட்ஆஃப் இரண்டு ஏறும், வேதியியலில் அதே இரண்டுக்கு ஒன்றுதான். ஒரு மார்க் வித்தியாசத்தில் கல்லூரியே மாறிப்போகும் கூட்டம் அது, அதனால் கணக்கு நகலுக்கு யோசிக்கவே வேண்டாம். அரசு கலைக் கல்லூரிக்கு நான்கு முக்கியப் பாடங்களின் 400 மார்க். நீட் வழியாக மருத்துவம் போகிறவர்களுக்கு ரேங்க் நீட்டில்தான், தகுதி மார்க் தாண்டியிருந்தால் இந்தப் பக்கமே வரத் தேவையில்லை.

நகல் வந்ததும் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். நாம் எழுதியது நமக்குச் சரியாகத்தான் தெரியும். பாட ஆசிரியரிடம் கொண்டு போங்கள், திருத்தும் முகாமில் வைத்துத் திருத்திய விடைக்குறிப்பு அவரிடம் இருக்கும், இல்லாவிட்டால் வாங்கிக் கொடுப்பார். முதலில் உள்ளே ஒவ்வொரு விடைக்கும் போட்ட மார்க்கை ஒரு தாளில் வரிசையாக எழுதி, முகப்புப் பக்கத்தில் ஏற்றியிருப்பதோடு ஒப்பிடுங்கள். அப்புறம் திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். ஒரு கணக்கைப் பாதியில் விட்டு நாலு பக்கம் தள்ளித் தொடர்ந்திருந்தால் அந்தத் தொடர்ச்சி கண்ணில் படாமல் போயிருக்கலாம். இந்த இரண்டிலும் தப்பு கிடைத்தால் வலுவான கேஸ்.

அதன்பிறகுதான் விடை விடையாகப் பார்ப்பது. இங்கேதான் பலருடைய நம்பிக்கை உடையும். இயற்பியலில் ஒரு மார்க் கேள்விக்கு 'ஆ' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் 'இ'யில் இருக்கும் விடையை எழுதியிருப்பார்கள். குறியீடு, விடை இரண்டில் ஒன்று தப்பானாலும் பூஜ்யம், அதில் வாதாட இடமில்லை. கணக்கில் இரண்டு மார்க் பகுதியில் ஏழு எழுதினால் போதும், ஆனால் 30ஆவது கேள்வி கட்டாயம். அதை விட்டுவிட்டு மற்றதில் ஏழு எழுதியவர், "ஏழும் சரிதானே சார், ஏன் பன்னிரண்டுதான்?" என்று கேட்பார். ஆறுக்குத்தான் மார்க் கிடைக்கும், அவ்வளவுதான். இயற்பியல் கணக்கில் அலகு எழுதாமல் அரை மார்க் போயிருந்தால் அதுவும் நியாயமாகப் போனதுதான். மாறாக, இறுதி விடை தப்பு என்பதற்காக நடுவில் இருக்கும் சரியான படிகளுக்கு ஒன்றுமே போடாமல் விட்டிருந்தால், அல்லது நீங்கள் போட்ட மாற்று வழிமுறையை அடித்துவிட்டிருந்தால், அந்தக் கேள்வி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையில் இப்படிக் குறித்த எண்கள் இருந்தால் மறுமதிப்பீட்டுக்குப் போங்கள். ஒன்றுமே இல்லை, "கொஞ்சம் தாராளமாகப் போட்டிருக்கலாம்" என்பது மட்டும்தான் மிச்சம் என்றால் வேண்டாம். மறுமதிப்பீட்டில் மார்க் குறையவும் செய்யலாம், குறைந்தால் குறைந்ததுதான் கணக்கு. ஒரு இடத்தில் இரண்டு கூடி, தாராளமாக வாங்கிய இன்னொரு இடத்தில் மூன்று போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை முகத்தைப் பார்த்து "போட்டுத்தான் பாரேன்ப்பா" என்று சொல்வது சுலபம், ஆனால் அந்த 505 ரூபாய் பல வீடுகளில் இரண்டு நாள் சமையல் செலவு. மார்க் ஏற வாய்ப்பில்லை என்று பட்டால் எந்தக் கேள்வியில் எதற்காகப் போயிற்று என்று விரல் வைத்துக் காட்டிவிடுங்கள். திட்டிக்கொண்டாவது சமாதானமாகிப் போவார்கள்.

ஃபெயிலானவர்களுக்குக் கணக்கே வேறு. 35 எடுத்தால் பாஸ், ஆனால் எழுத்துத் தேர்வில் 90க்கு 25, செய்முறை உள்ள பாடமானால் 70க்கு 15 தனியாக எடுத்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு மார்க்கில் நின்றவர்கள் நகல் கேட்பது நல்லது. ஆனால் அதன் முடிவு வரட்டும் என்று, ஃபெயிலான பாடத்தைத் திரும்ப எழுதும் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். முடிவு சாதகமாக வந்தால் போனது துணைத்தேர்வுக் கட்டணம் மட்டும்தான், வராவிட்டால், விண்ணப்பிக்காமல் இருந்தவருக்குப் போவது ஒரு வருஷம்.

மறுமதிப்பீட்டு முடிவில் எல்லார் பெயரும் வராது. மார்க் மாறியவர்களின் பதிவெண் மட்டும்தான் பட்டியலில் இருக்கும், உங்கள் எண் இல்லையென்றால் மாற்றமில்லை என்று அர்த்தம். மாறியிருந்தால் புது மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு, கலந்தாய்வுக்குப் பதிவு செய்த சேவை மையத்துக்கு அன்றைக்கே போங்கள். தானாக அப்டேட் ஆகிவிடும் என்று யார் சொன்னாலும், திரையில் உங்கள் புது கட்ஆஃபை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.