பி0420 கோடு வந்தால் கேட்டலிஸ்டை உடனே மாற்றாதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் குறுவை நெல்மூட்டை ஏற்றும் பெட்ரோல், சிஎன்ஜி குட்டி லாரியில் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0420 (கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு) வந்தால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை, அதாவது கேட்டலிஸ்டை, மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள், விலை கூடிய சாமான் அது.

முதலில் வண்டி ஆறியிருக்கும்போது அடியில் படுத்து, புகைக்குழாயில் கேட்டலிஸ்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்களின் ஒயரைப் பாருங்கள். வயலோரம் நிற்கும் வண்டியில் எலி கடித்திருக்கும், இல்லையேல் கனெக்டரில் சேறு ஏறியிருக்கும். சென்சார் பக்கத்தில் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து அளவு தப்பாகும். சிக்கியிருக்கும் வைக்கோலையும் பிடுங்கிவிடுங்கள், சூட்டில் தீப்பிடிக்கும்.

பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து சென்சார்களின் வோல்ட்டைப் பாருங்கள். சாதாரண நான்கு ஒயர் முன் சென்சார் 0.1க்கும் 0.9க்கும் இடையே விறுவிறுவென்று ஏறி இறங்க வேண்டும். 0.45 பக்கமே அசையாமல் நின்றால் ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது சென்சார் போயிருக்கும். பின் சென்சார் 0.6, 0.7 அருகே ஏறக்குறைய அசையாமல் நிற்பதுதான் நல்லது. அதுவும் முன்னதைப் போலவே ஆடினால்தான் கேட்டலிஸ்ட் மீது சந்தேகப்படலாம்.

வண்டி இழுக்கவே இல்லையா? முன் சென்சாரை 22 ஸ்பானரால் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். லேசான சூட்டில் மரை எளிதாக விடும். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ தாண்டினால் புகை போகும் வழியில் அடைப்பு.

மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) ஆயில் எரிவதும் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். புது கேட்டலிஸ்டும் அதே வழியில் போகும்.