எத்தனை வருஷத்துக்குப் பூட்டுகிறீர்கள்?

போன மாதம் தர்மபுரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு பேக்கப் ஏற்பாடு செய்யப் போயிருந்தேன். நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை அவர்களுடைய பழைய சாஃப்ட்வேர், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் டெஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டி வைத்திருந்தது. "இத்தனை வருஷமா ஒன்னும் ஆகலையே சார்" என்றார் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி. பலரும் சறுக்குவது இந்த நினைப்பில்தான்.

டெஸ் 1977-ல் அமெரிக்க அரசின் தரமாக வந்தது. சாவி 56 பிட், அதாவது 0 அல்லது 1 என 56 இலக்கம். 1998-ல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் ஒரு இயந்திரம் செய்து, 56 மணி நேரத்தில் அந்தச் சாவியைக் கண்டுபிடித்துவிட்டது. லாப நோக்கமில்லாத ஓர் அமைப்புக்கே இது முடிந்தது என்றால், கஜானா பின்னால் நிற்கும் உளவுத்துறைக்கு?

அதனால் நான் முதலில் கேட்பது, இந்த ரகசியம் எத்தனை வருஷம் நிற்க வேண்டும் என்பதைத்தான். ஓடிபி சில நிமிஷம் நின்றால் போதும். இன்று பிறந்த குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு அறுபது வருஷம் கழித்தும் அந்தரங்கம்தான். திருடுபவர் இன்றே பிரதி எடுத்துவைத்து, உடைக்கும் வசதி வரும்வரை காத்திருப்பார். ஒரு பிட் கூடினால் அவருக்குத் தேடும் வேலை இரட்டிப்பாகும். நமக்கோ செலவு கூடுவதே தெரியாது. டெஸ்ஸுக்குப் பின் வந்த ஏஇஎஸ் முறையை 256 பிட் சாவியோடு போடத் தயங்காதீர்கள்.

"ஆர்எஸ்ஏ 2048 இருக்கே, 256-ஐவிட எட்டு மடங்காச்சே?" என்று தம்பி கேட்டார். ஆர்எஸ்ஏ வேறு வகைப் பூட்டு; பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதே அதன் பலம். இரண்டின் பிட் கணக்கும் வேறு. நிலத்தை ஏக்கரிலும் சொல்லலாம், சென்டிலும் சொல்லலாம். 100 சென்ட் என்று எழுதினால் 1 ஏக்கரைவிடப் பெரிதாகிவிடாது. ஆர்எஸ்ஏவில் எல்லாச் சாவியையும் தேட வேண்டாம், எண்ணைக் காரணிகளாகப் பிரிக்கக் குறுக்குவழி உண்டு. 2048 பிட் ஆர்எஸ்ஏ, ஏஇஎஸ் போன்ற பூட்டின் கணக்கில் சுமார் 112 பிட் பலம்தான். 128 பிட் பலத்துக்கு 3072 பிட் ஆர்எஸ்ஏ வேண்டும். 829 பிட் எண்ணை 2020-லேயே பிரித்துவிட்டார்கள்.

சரி, 4096 போட்டால்? அணுத் துகள்களின் இயல்பை வைத்து ஓடும் குவான்டம் கணினி பெரிதாக வளர்ந்தால், கணிதவியலாளர் ஷோர் 1994-ல் சொன்ன வழியில் அதுவும் விழும். நீண்ட நாள் ரகசியத்துக்கு குவான்டம் கணினியையும் தாங்கும்படி வடிவமைத்து 2024-ல் தரமாக்கப்பட்ட சாவிப் பரிமாற்ற முறையான எம்எல்-கெம்மையும் சேர்க்க வேண்டும்.

அப்புறம் பாஸ்வேர்டு. ஊர் பெயரும் 123-ம் மானிட்டரில் ஒட்டியிருந்தது. அதிலிருந்து பிறக்கும் சாவி எத்தனை பிட் இருந்தாலும், எதிரி பாஸ்வேர்டைத்தான் தேடுவார். 7776 சொற்கள் உள்ள பட்டியலில் தாயக்கட்டை உருட்டி பத்துச் சொல் எடுத்தோம். அதன் பலம் சுமார் 129 பிட்.

மேஜை டிராயரில் டெஸ் பூட்டோடு இன்னும் மூன்று பழைய டிஸ்க் கிடந்தன. அவற்றில் இருந்ததைப் புதிதாகப் பூட்டி வைத்து, பழைய டிஸ்க்குகளை உடைத்துப் போட்ட பிறகுதான் கிளம்பினேன்.