துள்ளும் மீனுக்கும் ஊர் உண்டு: பெங்களூரில் ஏரி மீன் வாங்கிச் சமைப்பவர்களுக்கு

அல்சூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக் கிலோ கட்லாவோடு வந்து நின்றார். ஏழு மாதக் கர்ப்பிணி. "அக்கா, வாங்கும்போது துள்ளிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல மீன் எங்கே கிடைக்கும்?" என்றார். எந்த ஏரி மீன் என்று கேட்டேன். அதை அவர் விசாரிக்கவில்லை. அன்று அவரிடம் சொன்னவற்றைத்தான், புதிதாக மீன் வாங்கிச் சமைக்கத் தொடங்குபவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று புரிந்துவிட்டால் மற்றவை எளிது. செவுள் சிவப்பு, கண்ணின் பளபளப்பு, துள்ளல் ஆகிய மூன்றும் மீன் அழுகவில்லை என்பதை மட்டுமே சொல்லும். கழிவுநீரோடு ஏரிக்கு வரும் ஈயமும் பாதரசமும் நாறாது. மீனைக் கொல்லாமலே அதன் உடம்பில் ஆண்டுக்கணக்கில் சேரும்.

படி 1: எந்த நீர் என்று கேளுங்கள்

சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் அடுக்கியிருக்கும் ரோகு, கட்லாவில் பெரும்பகுதி ஆந்திரத்து வளர்ப்புக் குளங்களிலிருந்து வருவது. தொட்டியில் உயிரோடு நீந்தும் மீன் அவ்வளவு தூரம் பயணம் செய்திருக்காது, பெரும்பாலும் அருகில் பிடித்ததாக இருக்கும். அந்த 'அருகில்' எந்த ஏரி என்பதுதான் கேள்வி. "அண்ணா, இது எந்த ஏரி மீன்?" என்று தமிழிலேயே கேட்கலாம், அங்கே பலருக்குப் புரியும். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

நம் ஊர் ஏரிகளின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெல்லந்தூர் ஏரி 2015 மே மாதத்திலும் 2017 பிப்ரவரியிலும் தீப்பற்றியது. நம் அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. விருஷபாவதி ஆறு நகரத்துக் கழிவுநீரையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டுதான் பைரமங்கலம் ஏரிக்குப் போகிறது. இப்படிப்பட்ட நீரில் பிடித்த மீனை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

கோடை மழை பெய்த மறுநாள் கூடுதல் கவனம் வேண்டும். மழைநீர் சாக்கடையை அடித்துக்கொண்டு வந்து ஏரியில் கொட்டும், அடியில் கிடக்கும் சேறும் கலங்கும், நீரில் ஆக்சிஜன் குறையும், மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். அன்று ஏரிக்கரையில் கூடையில் குறைந்த விலைக்கு மீன் விற்றால் தொடாதீர்கள். செத்து மிதந்த மீனை எந்த நாளும் எடுக்கக் கூடாது.

படி 2: மீனின் தீனியையும் வயதையும் பாருங்கள்

கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுநீரில், மிர்கால் அடியில். கழிவு ஏரியின் ஈயமும், காட்மியம் என்ற நச்சு உலோகமும் அடிச்சேற்றில்தான் படிந்து கிடக்கும், எனவே சேற்றைக் கிளறித் தின்னும் மீனுக்கே ஆபத்து அதிகம். பாதரசத்தின் வழி வேறு. சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடம்பில் எளிதில் சேரும் மீத்தைல் பாதரசமாக மாற்றும். அது சிறு பூச்சிக்கும், பூச்சியைத் தின்னும் சிறு மீனுக்கும், சிறு மீனை விழுங்கும் விராலுக்கும் வாளைக்கும் போகும், ஒவ்வொரு படியிலும் அளவு கூடிக்கொண்டே போகும். அதனால் பெரிய, வயதான வேட்டை மீனைவிட கட்லா, ரோகு போன்ற, ஒரு கிலோவுக்குள் உள்ள இளம் கெண்டை மேல். பெரிய மீன்தான் ருசி என்பார் என் மாமியார். ருசியில் அவர் சொல்வது சரி.

படி 3: வெட்டும்போதே பாதி வேலையை முடியுங்கள்

செவுள், குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஈயமும் காட்மியமும் அதிகம் தங்கும் இடங்கள் இவை. முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஓடும் கோடுதான் சிறுநீரகம், அதை விரலால் சுரண்டிக் கழுவுங்கள். டிடிடி போன்ற பழைய பூச்சிக்கொல்லிகள் கொழுப்பில் கரையும். ஆகவே எந்த ஊர் என்று தெரியாத மீனைச் சமைக்க வேண்டி வந்தால், தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் பக்கவாட்டில் உள்ள கருஞ்சதையையும் நீக்கிவிடுங்கள். தோல் இல்லாத வறுவல் சுவை குறைந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன்.

படி 4: அடுப்பால் ஆவதும் ஆகாததும்

புளியும் மஞ்சளும் 'விஷத்தை முறிக்கும்' என்று நம்மில் பலர் நம்புகிறோம். பாதரசத்தை அவை ஒன்றும் செய்யாது. அது சதையின் புரதத்தோடு ஒட்டியிருப்பது, கல் உப்புப் போட்டு எத்தனை முறை உரசினாலும், கொதிக்க வைத்தாலும் போகாது. டிடிடி போலக் கொழுப்பில் உள்ளவை மட்டும், கொழுப்பு வடியும்படி சுட்டால் ஓரளவு குறையும். குழம்பில் அந்தக் கொழுப்பு சட்டியிலேயே தங்கிவிடும். வறுத்த எண்ணெயை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

ஃபார்மலின் என்ற வேதிப்பொருள் வேறு சங்கதி. அது ஏரியில் சேர்வதல்ல, கெடாமலிருக்க மனிதர் சேர்ப்பது, நம் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. 2018இல் கேரளச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதைக் கண்டுபிடிக்க எளிய காகிதப் பட்டை ஒன்றை உருவாக்கியிருக்கிறது.

படி 5: யார், வாரத்துக்கு எத்தனை முறை

கருவில் இருக்கும் குழந்தையின் மூளையையும் சிறு பிள்ளைகளின் மூளையையும்தான் பாதரசமும் ஈயமும் முதலில் தாக்கும். ஆனால் அதே மூளை வளர மீனின் ஒமேகா கொழுப்பும் புரதமும் வேண்டும். ஆகவே மீனை விட்டுவிடுவது தீர்வல்ல. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்கு, பாதரசம் குறைந்த மீனாகப் பார்த்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சாப்பிடச் சொல்கிறது. மாசு பற்றி எந்தத் தகவலும் இல்லாத நீரில் பிடித்த மீன் என்றால் வாரத்துக்கு ஒரே முறை, சுமார் 113 கிராம் மட்டும், அந்த வாரம் வேறு மீன் கூடாது என்கிறது. பிள்ளைகளுக்கு இதிலும் குறைவு.

எதிர்வீட்டுப் பெண்ணின் கட்லாவைத் தோலுரித்து, சிறுநீரகத்தைச் சுரண்டி, இரண்டு துண்டுகளை மட்டும் சுட்டுக் கொடுத்தேன். நேற்று ரசல் மார்க்கெட்டிலிருந்து கைப்பேசியில் அழைத்தார். "அக்கா, ஆந்திர வளர்ப்பு ரோகுவாம், முக்கால் கிலோ. வாங்கட்டுமா?"

வாங்கச் சொன்னேன்.